வெள்ளைக்காரரின் நோயா இது?

*ரொரன்ரோவில் பிறந்த அண்ணாவின் மகளுக்குக் குரோன்ஸ் நோயாம். எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை, டொக்டர். வெள்ளைக்காரருக்கு வருவது இவளுக்கு எப்படி?* (உப்புவெளி வாசகி)

குரோன்ஸ் என்பது குடலில் நீடித்து நிற்கும் அழற்சி நோய். குரோன் என்ற வைத்தியரும் இன்னும் இருவரும் நியூயோர்க்கில் இதை விவரித்தது 1932இல். அதன்பின் நெடுங்காலம் ஐரோப்பியரிடமும் வட அமெரிக்கரிடமுமே அதிகம் கண்டதால் ‘வெள்ளைக்காரரின் நோய்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்ராறியோ மாகாணத்தில் பார்த்தபோது, தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு நோய் குறைவு. அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ மற்றக் கனடியப் பிள்ளைகளின் அளவுக்கே வருகிறது. ஒரு தலைமுறைக்குள் பரம்பரை மாறாது, மாறியது சூழல். சாப்பாடு, சின்ன வயதில் எடுத்த அன்ரிபயோட்டிக், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாமே சந்தேகப் பட்டியலில் உண்டு. அதற்காக அண்ணியின் சமையலைக் குறை சொல்லிவிடாதீர்கள்!

*அப்போ நாங்கள் இங்கே தப்பினோமா?* (கிண்ணியா)

கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் எடுத்து 2010இல் வெளியான கணக்கில், இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்குப் பெருங்குடற்புண் அழற்சி (குரோன்ஸின் உறவுக்கார நோய், பெருங்குடலில் வருவது), ஒருவருக்குக் குரோன்ஸ். மேற்கில் பல நாடுகளில் இரண்டும் சேர்ந்து 300ஐத் தாண்டும். ஆனால் அங்கே புது நோயாளர் கூடுவது ஓரளவு நின்றுவிட்டது, ஆசியாவில்தான் ஏறுகிறது. முதலில் பெருங்குடற்புண், அப்புறம் குரோன்ஸ் என்பதே வழமையான வரிசை. உலகம் முழுவதும் 1990இல் சுமார் 37 இலட்சம் பேருக்கு இந்த இரண்டில் ஒன்று இருந்தது, 2017இல் 68 இலட்சமானது.

*வயது 24. இரண்டு மாதமாக மலத்தில் இரத்தம். மூலம் என்று பாமசியில் களிம்பு தந்தார்கள்.* (மூதூர்)

களிம்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கிளினிக்குக்குப் போங்கள். மூலத்தில் இரத்தம் பெரும்பாலும் தனியாகச் சொட்டும். சளியோடு கலந்து வந்தால், இரவில் நித்திரையைக் குழப்பி எழுப்பினால், நிறை குறைந்தால் வேறு கதை. மேலே சொன்ன இரண்டு குடல் அழற்சி நோய்களும் அதிகம் தொடங்குவது உங்கள் வயதில்தான். மலத்தில் கல்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்ப்பார்கள், பிறகு கொலனோஸ்கோபி (கமெராக் குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து சிறு துண்டு எடுப்பார்கள். அந்தத் துண்டு எங்கள் பக்கத்தில் மிக முக்கியம். குடற்காசநோய் அச்சொட்டாகக் குரோன்ஸ் போலவே வேஷம் போடும். அதைக் குரோன்ஸ் என்று நினைத்து, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் மட்டும் கொடுத்தால் காசம் பரவிவிடும்.

*சிகரட் பெருங்குடற்புண்ணுக்கு நல்லதாமே?* (பெயர் வேண்டாம் என்ற தம்பி)

புகைப்பவர்களுக்கு அந்த நோய் குறைவு என்பது சரி. குரோன்ஸை அது மோசமாக்கும் என்பதும் சரி. குடலுக்காக நெஞ்சை விற்கிற வியாபாரம் வேண்டாம், தம்பி.