இலஞ்ச வழக்கில் மேன்முறையீடு என்றால் மறுபடியும் விசாரணையா?

இல்லை. இலங்கையில் மேல் நீதிமன்றம் ஒரு அரச ஊழியரை இலஞ்சம் வாங்கிய குற்றவாளி என்று தீர்ப்பளித்தால், அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்கச் சொல்லி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதுதான் மேன்முறையீடு. பொதுவாக 14 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

நம்ம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துப் பாருங்கள். 18 கிலோ பறித்த அக்காவுக்கு 15 என்று எழுதிவிட்டார்கள், அவர் முறையிடுகிறார். அதற்காக யாரும் மலையேறித் திரும்பக் கொழுந்து பறிப்பதில்லை, தராசு சரியா, கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது நியாயமா, துண்டில் எழுதியது சரியா என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். சாட்சிகளைப் பெரும்பாலும் திரும்பக் கூப்பிடுவதில்லை. ஏற்கனவே பதிவான சாட்சியத்தை வாசித்து, காசு கைமாறியதைச் சொன்னவரின் பேச்சில் முரண்பாடு இருந்ததா, நீதிபதி சட்டத்தைச் சரியாகப் பொருத்தினாரா என்று பார்க்கிறார்கள்.

ஏன் இந்த வழி? ஒரே நீதிபதியின் தவறால் ஒருவர் சிறைக்குப் போகக்கூடாது. அதே தவறால் குற்றவாளி தப்பவும் கூடாது, அதனால் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்தும் மேன்முறையீடு செய்யலாம். பிறப்புச் சான்றிதழுக்கும் காணித் துண்டுக்கும் கந்தோர் கந்தோராக அலைந்து, கேட்ட காசைக் கொடுத்த நம்ம சனத்துக்கு இது முக்கியம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், 'அப்பீல் போட்டு பிணையில் வந்துட்டார், கேஸ் முடிஞ்சுது' என்று ஹட்டன் பஸ்ஸில் பேசிக்கொள்வது தவறு: மேன்முறையீட்டில் ரத்தாகும்வரை அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும்.