தடா எல்லையில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், அப்புறம் எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையிலுமாக 22 வருடம் எச்ஆர் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பாக்கம், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு: ஸ்ரீசிட்டியில் எந்தக் கம்பெனி நல்லது சார்?

இசுசுவில் வண்டி, அல்ஸ்டாமில் மெட்ரோ ரயில் பெட்டி, டைகினில் ஏசி, மாண்டலீஸில் சாக்லேட். நாலிலும் மெக்கானிக்கல் ஆள் வேண்டும், ஆனால் வேலை வேறு வேறு. ரயில் பெட்டி என்றால் வெல்டிங், தரச் சோதனை. சாக்லேட் என்றால் நாள் முழுக்க பேக்கிங் மிஷினோடு மல்லுக்கட்டு. எது ஒத்துவரும் என்பதை முதலில் முடிவு செய். காலையில் தடாவில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடு. பல இடங்களில் கம்பெனி ஆளுக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட் ஆளுக்கு இன்னொரு நிறம் என்று ஐடி கார்டு கயிறே மாறும். சம்பளச் சீட்டில் யார் பெயர் வருகிறது என்று கேள். கேட்டில் இருக்கும் போர்டு உனக்குச் சம்பளம் தராது.

சத்தியவேடு, பி.காம்.: பெயரே கேள்விப்படாத கம்பெனி. எப்படி நம்புவது?

ஆபர் லெட்டர் அடியில் சிஐஎன் என்று, எழுத்தும் எண்ணும் கலந்து 21 இடம் கொண்ட கம்பெனிப் பதிவு எண் ஒன்று இருக்கும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் உள்ளது, 'யு' என்றால் இல்லை. அடுத்த ஐந்து எண் தொழில் வகை, பிறகு மாநிலம், பிறகு பதிவான வருடம். '20 வருட அனுபவம்' என்பவனின் எண்ணில் 2023 என்றிருந்தால் காரணம் கேள். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைப் போட்டால் உயிரோடு இருக்கிறதா என்றும் தெரியும்.

கவரைப்பேட்டை: யூனிபார்முக்கு 5,000 டெபாசிட் கேட்கிறார்கள்.

கொடுக்காதே. ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுக்காதே.

சூளூர்பேட்டை, பி.எஸ்சி. கணிதம்: ஸ்ரீஹரிகோட்டாவில் விஞ்ஞானி ஆகலாமா?

பி.எஸ்சி.யோடு நேராக முடியாதும்மா. சயின்டிபிக் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பு பி.எஸ்சி. கேட்பார்கள், எந்தப் பாடம் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும்.

பழவேற்காடு: மீன்வளம் படித்தால்?

எனக்குத் தெரியாத துறை. பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் போய்க் கேள்.

எளாவூர்: பயிற்சிக்கு 3,000 கட்டினால் வேலை நிச்சயமாம்...

மேலே 5,000 டெபாசிட் பற்றிக் கேட்டவருக்குச் சொன்னதேதான்: கொடுக்காதே.

ஆரம்பாக்கம் தம்பி மறுபடியும்: ஆந்திராவில் தொழிற்சாலை வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று சட்டம் இருக்கிறதே, நாங்கள் போய் என்ன பயன்?

2019இல் சட்டசபையில் நிறைவேறியது, உண்மை. தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் விலக்கு கேட்கவும் அதிலேயே வழி வைத்தார்கள். அதே மாதிரி ஹரியானா போட்ட சட்டத்தை 2023இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் சட்டத்தைப் பார்த்து முயற்சியை விட்டுவிடாதே.

சூளூர்பேட்டை: நாங்களும் வீட்டில் தமிழ்தான் சார். எங்கள் நிலத்தில் பேக்டரி, வேலை மட்டும் ஆரம்பாக்கத்துக்கா?

உன் கோபம் நியாயம். 'நாங்கள் மட்டும் வெளிநாடா?' என்று ஆரம்பாக்கம் தம்பி கேட்டால், அதுவும் நியாயம். ஆனால் நான் ஆள் எடுத்த வருடங்களில் முதல் ரவுண்டில் விழுந்தவர்கள் ஆதார் முகவரியால் விழவில்லை. நுண்ணிய அளவு பார்க்கும் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்தால் அளவு படிக்கத் தெரியாமல் விழுந்தார்கள், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும். சண்டையை நிறுத்திவிட்டுக் கல்லூரி லேபில் அதை எடுத்துப் பழகுங்கள்.

தடா: அப்ரண்டிஸ் முடித்தால் பெர்மனென்ட் ஆகுமா?

1961 அப்ரண்டிஸ் சட்டப்படி வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிஎஃப்பும் கிடையாது. ஒரு வருடம் மிஷினைத் தொட்டுப் பழகலாம், அதற்காகப் போ. சேர்வதற்குப் பணம் கேட்டால் திரும்பி வந்துவிடு.