அழுது தீரட்டும், பக்கத்தில் இருங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. கருங்கல் பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறோம். அவன் அப்பாவுக்குத் துபாயில் வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் உறங்குவான். மூத்தவளின் பள்ளி வேன் நாலரைக்கு வந்துவிடும், அதனால் இவனையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவேன். வீட்டுக்கு வந்ததும் தொடங்கிவிடும். மஞ்சள் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் நீல டம்ளர் வேண்டும், நீலத்தில் கொடுத்தால் தட்டிவிடுவான். தரையில் விழுந்து தலையை முட்டுகிறான். ராத்திரி அப்பாவின் வீடியோ கால் முடிந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு அலறுவான். மாமி உடனே கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு துணிக்கடையில் கிடந்து உருண்டான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் வளர்ப்பு சரியில்லையா?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: மக்களே, உங்கள் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இப்படி வாசி, அதாவது பிடிவாதம், பிடிக்கும். இரண்டு, மூன்று வயதில்தான் அது கடுமையாக இருக்கும். தனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது, சொல்லத்தான் வார்த்தை போதவில்லை. இரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு 50 சொல் வந்திருந்தால், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசினால், அது வயதுக்கேற்ற பேச்சு. கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபத்தைந்து வயதுகூட ஆகும். ‘வேணும்னே செய்யுதான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவன் தரையில் கிடந்து அலறும்போது நீங்கள் சொல்கிற புத்தி எதுவும் ஏறாது. ‘ஏன் அழுற, சொல்லு’ என்று கேட்பதும் வேண்டாம். அந்த நேரத்தில் உங்களுக்கு உள்ள வேலை அவனுக்கு அடிபடாமல் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பதும்தான். சிமென்ட் தரையில் தலையை முட்டினால் உள்ளங்கையைக் கொடுங்கள், அல்லது தூக்கிப் பாயில் கிடத்துங்கள். கைக்கு எட்டுகிற பாத்திரத்தை நகர்த்துங்கள். பிறகு நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றபடி குனிந்து பேசினால் பிள்ளைக்குப் பயம்தான் கூடும். குரலைத் தாழ்த்தி, ‘மக்களுக்குக் கோவம் வந்திருக்கு, அம்மை இங்கதான் இருக்கேன்’ என்று சொல்லுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், இதையே இடைவிட்டுச் சொன்னால் போதும். சில பிள்ளைகள் அணைத்துக்கொண்டால் அடங்கும், சில பிள்ளைகளுக்குத் தொட்டாலே கூடும். கையைத் தட்டிவிட்டால் கையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அலறல் விம்மலாக மாறும். அந்த விம்மலுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். அப்போது கையை நீட்டினால் வந்து ஒட்டிக்கொள்வான்.

எங்கள் மையத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போகிறவள். காலையில் அம்மா கையை விடுவித்துக்கொண்டு போனதும் இவள் சிலேட்டு, பொம்மை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எறிவாள். நான் வாசல்படியில் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அழுகை மெலிந்ததும் பாதி வாளி தண்ணீரும் ஒரு கிண்ணமும் வைத்துக்கொடுப்பேன். மொண்டு மொண்டு ஊற்றுவாள். ஊற்ற ஊற்ற இறுக்கிப் பிடித்திருந்த தோள் இறங்குவது தெரியும். தண்ணீர், மண், உரிக்கிறதற்குக் கொஞ்சம் பயற்றங்காய், எதுவானாலும் சரி, கைக்கு ஒரு வேலை கிடைத்தால் பிள்ளை தன்னைத் தானே அமர்த்திக்கொள்ளும். ஆனால் அலறல் உச்சத்தில் இருக்கும்போது வாளியைக் கொண்டுவைத்தால் அதையும் கவிழ்க்கும்.

இனி உங்கள் வீட்டு சாயங்காலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் உறங்குகிற பிள்ளையை நாலரைக்கு முன் எழுப்புகிறீர்கள். உறக்கம் பாதி, வயிறு காலி, வெயிலில் ரோடு. டம்ளரின் நிறத்தில் ஒன்றும் இல்லை மக்களே. இந்த வயதுக்கு இரவும் பகலும் சேர்த்துப் பதினோரு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். பன்னிரண்டரைக்குச் சோறு கொடுத்து ஒரு மணிக்குப் படுக்க வையுங்கள், வேன் வரும் முன்பே தானாக விழித்துவிடுவான். விழித்ததும் அவித்த ஏத்தம்பழமோ ஒரு மட்டிப்பழமோ கையில் கொடுங்கள். ரோட்டுக்குப் போவதும் வருவதும் அதற்குப் பிறகு. தண்ணீர் கேட்கும்போது இரண்டு டம்ளரையும் காட்டி ‘எது வேணும்?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தன் சொல்லுக்கு ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்பதில்லை.

போன் விஷயத்தில் நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். அப்பாவின் கால் முடிந்ததும் அலறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் போனுக்கா அழுகிறான்? அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அப்பா மறைந்துபோவதற்கு அழுகிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்பாவே ‘இனி அப்பா சோறு சாப்பிடப் போறேன், நாளைக்கு வருவேன், டாட்டா’ என்று தினமும் ஒரே மாதிரி சொல்லி விடைபெறட்டும். சிவப்புப் பொத்தானை அவன் விரலாலேயே அழுத்த விடுங்கள். அப்பாவின் படத்தைப் பிரிண்ட் போட்டு அவன் படுக்கிற இடத்தில் ஒட்டுங்கள். ‘அப்பாவைத் தேடுதா மக்களுக்கு?’ என்று நீங்களே கேளுங்கள். அந்த அழுகைக்குக் கார்ட்டூன் மருந்தாகாது.

கார்ட்டூன் வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். அதன்பின் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அலறினால் போன் வரும் என்று அவன் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். அதற்காக மாமியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பேரன் அழுவதைத் தாங்காமல்தான் கொடுக்கிறார்கள். வீடு அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் பேசி, ஒரு பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்: அவன் அலறும்போது போனை அலமாரியில் வைத்துப் பூட்டுவது மாமி, அடங்கியதும் கோழிக்கு அரிசி போட அவனைக் கூட்டிப்போவதும் மாமி. முதல் சில நாள் அழுகை முன்னைவிடக் கூடும், அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நடுவில் ஒருநாள் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

கடைக்கு அவன் உறங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரத்தில் போங்கள். அங்கே விழுந்தால் தூக்கிக்கொண்டு வெளியே ஒரு நிழலுக்கு வந்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அந்தக் கடையில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், அவர்களுக்கு இது புதிதில்லை.

கேள்வி: பேத்திக்கு ஒன்றேகால் வயது. கேட்டது கிடைக்காவிட்டால் ஓங்கி அழுது, மூச்சை அடக்கி, உதடு நீலமாகித் துவண்டு விழுந்துவிடுகிறாள். மகன் கடலுக்குப் போனால் வர நாளாகும், வீட்டில் மருமகளும் நானும்தான். பயந்துபோய் கேட்டதெல்லாம் கொடுக்கிறோம்.
- ஒரு பாட்டி, முட்டம்

பதில்: அம்மா, பார்க்கிறவர்களின் உயிரே போய்விடும் காட்சி அது. ஆனால் குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை. அழுகையின் முடிவில் மூச்சு தானாகவே நின்றுபோகிறது, ஒரு நிமிடத்துக்குள் தானாகவே திரும்பவும் வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கி, பெரும்பாலும் ஆறு வயதுக்குள் மறைந்துவிடும். இதனால் மூளைக்குக் கேடு வருவதில்லை.

அப்போது அவளை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவது, கையில் சாவி கொடுப்பது, உலுக்குவது, எதுவும் கூடாது. உலுக்கினால் சின்னக் குழந்தையின் தலைக்குள் ரத்தம் கசியலாம். ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு வராவிட்டாலோ, கைகால் தொடர்ந்து வெட்டி இழுத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

முதல் தடவை வந்ததுமே டாக்டரிடம் காட்ட வேண்டும், இதுவரை காட்டாவிட்டால் நாளைக்கே போங்கள். வலிப்பு, இதயக்கோளாறு இரண்டும் இல்லை என்று அவர்தான் உறுதி செய்ய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும், இரும்பு மருந்து கொடுத்தால் பலருக்குக் குறையும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கொடுக்கிற இரும்புச்சத்து சிரப்பைப் பலர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அதைப் பார்த்து எனக்கு எத்தனையோ தடவை வருத்தமாக இருந்திருக்கிறது. கட்டஞ்சாயா ஒரு மடக்குகூடக் கொடுக்காதீர்கள், தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. முருங்கைக்கீரையும், உங்கள் கரையில் கிடைக்கிற மீனை முள் எடுத்துப் பிசைந்ததும் கொடுங்கள்.

பயத்தில் கேட்டதெல்லாம் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். இல்லை என்றால் இல்லைதான், ஆனால் மடியில் வைத்துக்கொண்டு சொல்லலாம்.

கேள்வி: ரப்பர் பால் வெட்டுகிற வேலை. விடியும் முன்னே போய்விட்டுக் களைத்து வருவேன். மூன்று வயது மகள் கோபம் வந்தால் என் முகத்தில் அடிக்கிறாள். திருப்பி ஒன்று வைத்தால் உடனே அடங்கிவிடுகிறாள். அது தப்பா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: தப்புதான் தம்பி. அடங்குவது பயத்தில். கோபம் உள்ளேதான் இருக்கும், பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்கிற பாடமும் கூடவே போய்ச் சேரும். அடுத்த தடவை கை ஓங்கும்போது அவள் மணிக்கட்டை வலிக்காமல் பிடித்து, ‘அடிக்க விடமாட்டேன். கோவம்னா தலையணையைக் குத்து’ என்று சொல்லுங்கள், சிரிக்காமல், கத்தாமல். உங்களுக்கே கை துறுதுறுத்தால் பிள்ளையை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். வேலை முடிந்து வந்ததும் குளித்து, ஒரு வாய் கஞ்சி குடித்து, அரைமணி நேரம் சாய்ந்துவிட்டுப் பிள்ளையை எடுங்கள். களைப்போடு எடுத்தால் இருவருக்குமே பொறுமை இருக்காது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டாக்டர் தேவையில்லை. ஆனால் நான்கு வயது தாண்டியும் குறையாமல் இருந்தால், ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரத்துக்கு மேல் நீண்டால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால் காட்டத்தான் வேண்டும். இரண்டு வயது ஆகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, வந்த பேச்சு நின்றுபோயிற்று என்றாலும் அப்படியே. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. போகும் முன் ஒரு வாரம், அழுகை எத்தனை மணிக்கு வந்தது, அதற்குமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு தாளில் குறித்துக் கையில் கொண்டுபோங்கள்.