லைக் விழுது, ஓடர் விழேல்ல: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியில பாதிக்கு மேல பேஸ்புக், வாட்ஸ்அப் யாபாரம் பற்றித்தான், அதால சமையல் கேள்வியும் வீசா கேள்வியும் அடுத்த இதழுக்குப் போகுது, கோவிக்காதேங்கோ.

கேள்வி: வீட்டில இருந்து ஆரி வேர்க் போட்ட சாறி பிளவுஸ் தைச்சுக் குடுக்கிறன். ஒரு போஸ்டுக்குக் காசு கட்டி பூஸ்ட் பண்ணினன், லைக் ஆயிரத்துக்கு மேல வந்துது, ஓடர் எண்டு ஒண்டும் வரேல்ல. காசைக் கடலுக்க போட்ட மாதிரி இருக்கு. எங்க பிழை விட்டன்?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, பேஸ்புக் உங்களை ஏமாத்தேல்ல, நீங்கள் கேட்டதைத்தான் குடுத்திருக்கு. பூஸ்ட் பட்டனை அமத்தேக்க உங்களுக்கு என்ன வேணும் எண்டு அது கேக்கும், நாங்கள் அதை வாசிக்காம அடுத்தது அடுத்தது எண்டு அமத்திக்கொண்டு போவம், அது லைக் போடுற பழக்கம் உள்ள ஆக்களாத் தேடிப் பிடிச்சுக் காட்டிப்போட்டுப் போயிடும். அப்பிடி ஆக்கள் ஊரில நிறைய, அவைக்கு பிளவுஸ் தேவையில்லை. அடுத்த முறை மெசேஜ் வரோணும் எண்டதைத் தெரிவு செய்யுங்கோ, விளம்பரத்தைத் தட்டினா நேரா உங்கட வாட்ஸ்அப்புக்கு வாற மாதிரியும் வைக்கலாம். லைக் குறையும்தான், குறைஞ்சா குறையட்டும்.

இடத்தையும் பாருங்கோ. இலங்கை முழுக்க எண்டு விட்டா அம்பாந்தோட்டையில இருக்கிற பிள்ளையும் லைக் போடும், ஆனா அளவு குடுக்க வராது. மெப்பில வெள்ளவத்தையில ஒரு பின் குத்தி சுத்திவர ஒரு சில கிலோமீற்றர் மட்டும் விடுங்கோ, தெஹிவளை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை எல்லாம் அதுக்குள்ள வந்திடும். (அந்த வட்டத்தில பாதி உண்மையாவே கடலுக்கதான் விழும், பயப்பிடாதேங்கோ, பாக்க ஆள் இல்லாத இடத்துக்கு பேஸ்புக்காரன் காசு எடுக்க மாட்டான்.)

ஆனா எனக்குப் பெரிய பிழையாத் தெரியிறது இது ரெண்டும் இல்லை. நீங்கள் அனுப்பின ஸ்கிரீன்ஷொட்டையே எடுத்துப் பாருங்கோ. இரவு 9.50க்கு ஒரு பிள்ளை கேக்குது, 'அக்கா அந்தப் பச்சை என்ன விலை, 14ஆம் திகதி கலியாணத்துக்கு வேணும்' எண்டு. அடுத்த நாள் பின்னேரம் மூண்டு மணிக்கு நீங்கள் எழுதியிருக்கிறீங்கள், 'ஹாய் டியர், எப்ப வேணும்?' அவ திகதியைச் சொல்லிப்போட்டா, கேட்டது விலையை. அதுக்கிடையில வேற நாலு பேஜில கேட்டு ஒண்டில அட்வான்சும் குடுத்திருப்பா. விளம்பரம் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து விடும், விக்கிறது இன்பொக்ஸில நீங்கள்தான், அந்த வேலையை பேஸ்புக் செய்யாது.

அதோட எல்லாப் போஸ்டிலயும் 'விலைக்கு இன்பொக்ஸ்' எண்டு போட்டிருக்கிறீங்கள், ஏன்? பக்கத்து லேன் தையல்காரி பாத்திடுவா எண்ட பயமோ, அவ எப்பவோ ஆரையும் விட்டுக் கேட்டு அறிஞ்சிருப்பா. கைக்கு மட்டும் வேலை எண்டா இவ்வளவில இருந்து, கழுத்தும் கையும் எண்டா இவ்வளவில இருந்து, லைனிங் தனி, இத்தினை நாள் வேணும், இவ்வளவையும் போஸ்டிலயே எழுதுங்கோ, கட்டுப்படியாகாத ஆக்கள் அங்கயே நிண்டிடுவினம், இன்பொக்ஸுக்கு வாறவை வாங்க வாறவை. படத்தை இரவு டியூப்லைட்டில எடுக்காம பகல்ல யன்னல் பக்கம் வைச்சு எடுங்கோ, சட்டத்தில துணி இழுத்துக் கட்டி ஊசி ஏறி இறங்கிறதைக் கிட்டப் பிடிச்சு ஒரு சின்ன வீடியோ போடுங்கோ, முடிஞ்ச பிளவுஸை விட அதைத்தான் சனம் நிண்டு பாக்கும், ஏன் இந்த விலை எண்டும் தானா விளங்கும். சிங்களத்திலயும் ஒரு வரி எழுதிவிடுங்கோ, ஆரி வேர்க் கேக்கிற சிங்களக் கலியாணப் பொம்பிளையள் கொழும்பில கொஞ்சமே?

கேள்வி: வீட்ல முறுக்கு, அதிரசம் செஞ்சு தீபாவளிக்கு ஓடர் எடுக்குறோம். டிக்டொக்ல ஆடினாதான் வீடியோ போகும்னு மக சொல்றா. எனக்கு வயசு 52. ஆடணுமா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: ஆட விருப்பம் எண்டா ஆடுங்கோ அக்கா, யாபாரத்துக்காக எண்டா வேண்டாம். முறுக்கு உரலைப் பிடிச்சு நீங்கள் சுத்தேக்க மா எண்ணெய்க்க விழுந்து பொங்குற சத்தம் இருக்கே, வீடியோ அதிலயே தொடங்கோணும், வணக்கம் நண்பர்களே எண்டு தொடங்கினா ரெண்டு செக்கனில விரலால தள்ளிப்போட்டுப் போயிடுவினம். சினிமாப் பாட்டும் போடாதேங்கோ, பிஸ்னஸ் எக்கவுண்ட் எண்டா டிக்டொக் விளம்பரத்துக்கு அனுமதிச்ச பாட்டை மட்டும்தான் தரும், களவாப் போட்டா சத்தத்தை அமத்திப்போடுவான். ஓடர் எடுக்கிற கடைசித் திகதியையும் பெட்டி விலையையும் வீடியோ மேலேயே எழுதுங்கோ. தீபாவளிக்கு முதல் நாள் வீடியோ பிரபலமாகி என்ன பிரயோசனம், அடுப்பு ஒண்டுதானே.

கேள்வி: புறக்கோட்டையில வாப்பாட கடை, போன் கவர், சார்ஜர் மொத்தமாக் குடுக்கிறம். புதுச் சாமான் வந்தா வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் (ஒரே மெசேஜை கன பேருக்குத் தனித்தனியா அனுப்புறது) போடுறன், பாதிப் பேருக்குப் போறதே இல்ல. ஏன்?
(வாசகர், மாளிகாவத்தை)

பதில்: தம்பி, உங்கட நம்பரைத் தங்கட போனில சேவ் பண்ணி வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் புரோட்காஸ்ட் போகும், நீங்கள் அவையளை சேவ் பண்ணினது காணாது. ஒரு லிஸ்டில 256 பேர்தான். அதால பில்லோட சேத்து 'இந்த நம்பரை சேவ் பண்ணுங்க, புதுச் சாமான் விபரம் வரும்' எண்டு ஒரு சின்னத் துண்டு குடுங்கோ, வெளியூர்ல இருந்து கொள்வனவுக்கு வாற கடைக்காரர் கட்டாயம் சேவ் பண்ணுவினம், அவைக்குத்தானே தேவை. வாப்பா இன்னும் சாதாரண வாட்ஸ்அப்பிலதான் கதைக்கிறார் எண்டா வாட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாத்திவிடுங்கோ, 2018இல வந்தது, சும்மாதான். சாமானை விலையோட கெட்டலொக்கில போடலாம், திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விக்குப் பதிலை எழுதி வைச்சு ஒரே தட்டில அனுப்பலாம், காசு வந்தது, வர இருக்கிறது எண்டு லேபல் ஒட்டலாம். தெரியாத ஆக்களைக் கேக்காமல் குறூப்பில இழுத்துப் போடுற வேலை மட்டும் வேண்டாம், நாலு பேர் ரிப்போட் அடிச்சா நம்பரே போயிடும், கடை போர்டில எழுதின நம்பர். வேற ஆரும் அந்த நம்பரில வாட்ஸ்அப்பைக் களவாத் திறக்காம இருக்க, ஆறு இலக்கப் பின் போட்டு டூ ஸ்டெப் வெரிபிகேஷனையும் இண்டைக்கே போடுங்கோ.

கேள்வி: எங்கட கொத்து ரொட்டிக் கடைப் பேஜுக்கு பத்தாயிரம் ஃபொலோவர்ஸ் விலைக்குத் தாறன் எண்டு ஒருவர் சொல்லுறார். வாங்கட்டோ?
(வாசகர், தெஹிவளை)

பதில்: வேண்டாம். வாறது வெறும் எக்கவுண்ட், கொத்து வாங்காது.

கேள்வி: இன்ஸ்டகிராமில உடுப்பு விக்கிறன். பேங்க் ஸ்லிப் அனுப்பினவுடன் சாமானை அனுப்பினன், பிறகு பாத்தா காசே வரேல்ல, ஸ்லிப் எடிட் பண்ணினது. இனி ஆரை நம்புறது?
(வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஆளையும் நம்பவேண்டாம், ஸ்லிப்பையும் நம்பவேண்டாம், உங்கட பேங்க் எப்பைத் திறந்து காசு விழுந்திட்டுதோ எண்டு பாத்திட்டுப் பார்சலைக் கட்டுங்கோ. வேற பேங்க்கில இருந்து வாற காசு கொஞ்சம் பிந்தினாலும் பொறுங்கோ, உண்மையாக் கட்டின ஆள் அதுக்குக் கோவிக்காது. கையில காசு குடுத்து எடுக்கிற ஓடர் எண்டா கூரியர் காசை மட்டும் முதல்ல வாங்குங்கோ, விளையாட்டுக்கு ஓடர் போட்டுப்போட்டு போனை எடுக்காத ஆக்கள் அதிலயே பாதி கழண்டிடுவினம்.

கேள்வி: கேக் யாபாரம், 8,000 ஃபொலோவர்ஸ் இருக்கு, எல்லாம் பேஸ்புக்கிலதான். அது காணும்தானே?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: காணாது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுக்குப் பிறகு பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாத்தையும் அரசாங்கம் மறிச்சது, ஏப்ரல் 30 வரைக்கும் கிடையாது. 2022 ஏப்ரல் 3 ஞாயிற்றுக்கிழமை போராட்ட நேரத்தில திரும்பவும் மறிச்சவை, பின்னேரமாகேக்கதான் விட்டவை. இடையில 2021 ஒக்டோபர் 4, அது அரசாங்கம் இல்லை, கம்பனிப் பக்கமே பிழைச்சு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூண்டும் ஒண்டாப் படுத்திட்டுது, ஆறு மணித்தியாலம் போல. அண்டைக்கு உங்களிட்ட அடுத்த நாள் காலமை குடுக்க வேண்டிய பேர்த்டே கேக் ஒண்டு இருந்து, வாடிக்கையாளரிட நம்பர் மெசெஞ்சருக்குள்ள மட்டும் கிடந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள்?

ஒரு சீஆர் கொப்பி வாங்கி பேர், போன் நம்பர், இடம், என்ன கேக், எந்தத் திகதி எண்டு ஓடர் வரேக்கயே எழுதுங்கோ. அடுத்த வருசம் அந்தத் திகதிக்கு ஒரு கிழமை முதல் 'மகளிட பேர்த்டே வருதே, இந்த முறை என்ன கேக்?' எண்டு ஒரு மெசேஜ் போடலாம், பூஸ்ட் காசு ஒரு சதம் இல்லை. கூகுள் மெப்பிலயும் பதிவு செய்யுங்கோ, அதுவும் சும்மா, வீட்டு அட்ரஸ் தெரியவேண்டாம் எண்டா மறைச்சுப்போட்டு எந்தெந்தப் பகுதிக்குக் குடுப்பீங்கள் எண்டு மட்டும் போடலாம். கேக் எடுத்துக்கொண்டு போனவையிட்ட ரெண்டு வரி ரிவியூ எழுதச் சொல்லுங்கோ, கேட்டா எழுதுவினம்.