வாப்பா பேசி அனுப்பிய கேசட்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1980-களில் வாப்பா துபாயிலிருந்து உம்மாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் ஒன்று பெட்டியில் கிடைத்தது. நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது பூஞ்சை. ஓடவிட்டால் பிளேயரின் ஹெட்டிலும் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம்) ரப்பர் உருளையிலும் ஒட்டும்; நாடா சிக்கி அறுந்துபோகலாம். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும்.

கேசட்டின் முதுகுப்பக்கத்தில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளை இன்றே உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது.

திருகாணி போட்ட கேசட் என்றால், மாஸ்க் அணிந்து திறந்து, காய்ந்த பூஞ்சையை மென்மையான பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து தட்டிவிடலாம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் குரல் மங்கும். அப்போது இரண்டு சுருளையும் வேறொரு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். ஒட்டி மூடிய வகையையும், பூஞ்சை அடர்ந்ததையும் ஒலிப்பதிவு மீட்பவரிடம் தருவதே நல்லது.

பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். அதில் முதலில் வேறு பழைய கேசட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பிறகு பிளேயரைக் கணினியின் லைன்-இன் துளையில் (வெளிக்கருவியின் ஒலியை வாங்கும் துளை) இணையுங்கள். மைக் துளையில் இணைத்தால் குரல் கரகரக்கும். ஆடாசிட்டி மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். 30 நிமிடப் பக்கம் ஸ்டீரியோவில் சுமார் 300 எம்பி வரும். பாட்டு கேசட்டின் மேலேயே பேசி அனுப்பியவர்களும் உண்டு. அதனால் பாட்டு வந்தாலும் நிறுத்தாமல் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓடவிடுங்கள்.

இரைச்சல் நீக்கும் வேலையை முதல் பிரதியில் செய்யவே கூடாது. ஃபேன் சத்தம், இருமல், அறையில் இருந்தவர் குறுக்கே பேசியது எல்லாம் அந்தக் கடிதத்தில் அடக்கம். வாப்பா அங்கே எப்படி இருந்தார் என்பதை உம்மா அவற்றிலிருந்தும்தான் தெரிந்துகொண்டிருப்பார். சுத்தம் செய்வதை நகலில் செய்யுங்கள்.

கேள்வி: தாத்தா பாட்டியின் கல்யாண போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அப்படியே 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். புதுப் பிரதிக்குச் சட்டம் போடும்போது, படம் கண்ணாடியில் படாதபடி ஓரத்தில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.