சமீர் கஸீர் – கடிதம்

அன்புள்ள அண்ணா,
சமீர் கஸீரோட அரபுத் துயரம் பத்தின சின்ன புக்கை இங்கிலீஷ்ல படிச்சேன். பெய்ரூட்ல நல்ல புரொபசர் வேலை, அப்புறம் எதுக்கு வாராவாரம் பேப்பர்ல அரசியல் எழுதி குண்டுக்குப் பலியாகணும்? கிளாஸோட நின்னிருந்தா இன்னிக்கும் இருந்திருப்பாரே. அந்த ஊர்க்காரங்க ஆயிரம் வருஷமா அடிச்சுக்கிறவங்க, இவர் எழுதியா மாறப்போகுது? அடுத்து எந்த புக் படிக்கலாம்?
– ச.

அன்புள்ள ச.,

போன வாரம் பழைய பெட்டியைக் குடையும்போது ஒரு பிரின்ட் அவுட் கிடைச்சுது. கஸீரோட பத்தி, அரபியில, ஓரத்துல பென்சில்ல என் கையெழுத்து. ஷார்ஜால வேலை பாத்தப்ப பக்கத்து சீட்டு லெபனான்காரர் குடுத்தது. அன்-நஹார்ங்கிற பெய்ரூட் பேப்பர்ல வெள்ளிக்கிழமை கஸீர் எழுதுவார், எங்களுக்கு வெள்ளி லீவு, அதனால சனிக்கிழமை காலையில ஆபீஸ் பிரின்டர்ல முதல்ல வர்றது அதுதான். சுலைமானி டீ கிளாஸை அது மேலேயே வெப்பார், வட்டமா கறை விழும், வரிவரியா எனக்கு அர்த்தம் சொல்வார், அப்ப லெபனான்ல சிரியா ராணுவம் இருந்த காலம், அதனால சிரியா உளவுத்துறைன்னு வந்தா மட்டும் குரல் தானா இறங்கிடும், ஷார்ஜாலயும்!

2005 ஜூன் 2, வியாழக்கிழமை. பெய்ரூட்ல அஷ்ரஃபியே பகுதியில வீட்டுக்கிட்ட கஸீர் கார்ல ஏறி உக்காந்தார், வெடிச்சுது. 45 வயசு. சனிக்கிழமை நம்ம லெபனான்காரர் வந்தார், பிரின்டர் பக்கமே போகல.

கிளாஸோட நின்னிருந்தான்னு இனி யார்கிட்டயும் சொல்லாதீங்க தம்பி. 2001லயே பெய்ரூட் ஏர்போர்ட்ல பாதுகாப்புத் துறை ஆளுங்க அவர் பாஸ்போர்ட்டைப் புடுங்கினாங்க, என்ன நடக்கும்னு அவருக்குத் தெரியாதா?

ஆனா எனக்குக் கோவம் அதுக்கில்ல. "ஆயிரம் வருஷமா அடிச்சுக்கிறவங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான். புக்கைப் படிச்சீங்களா, புரட்டினீங்களா? அந்த மனுஷன் சண்டை போட்டதே இந்தப் பேச்சோடதானே! 1860ல லெபனான் மலையில மதத்தோட பேர்ல வெட்டிக்கிட்டாங்க, சரி. அதே வருஷம் பெய்ரூட் எழுத்தாளர் புத்ருஸ் அல்-புஸ்தானி தன் பேரைப் போடாம, தாய்நாட்டை நேசிக்கிறவன்னு மட்டும் கையெழுத்து போட்டு, எல்லாரும் ஒரே மண்ணுக்காரங்கன்னு துண்டுத்தாள் அடிச்சு விட்டார். மூணு வருஷத்துல எல்லா மதத்துப் பசங்களும் சேர்ந்து படிக்க பள்ளிக்கூடம். 1876ல பெய்ரூட்ல அல்-முக்ததஃப்னு சயின்ஸ் பத்திரிகை. இதெல்லாம் மட்டும் யாரோட சரித்திரம்? வெட்டினது அவங்க குணம், படிச்சது மட்டும் வெள்ளைக்காரன் தயவா?

அதுக்காக பழம்பெருமை பேசறவங்களையும் கஸீர் விட்டதில்ல, எல்லாம் மேற்கோட சதின்னு உக்காந்து அழறவங்களுக்கும் செம திட்டு. அப்பா பாலஸ்தீனர், அம்மா சிரியாக்காரங்க. லெபனானை விட்டு சிரியா ராணுவம் வெளிய போகணும்னு எழுதின கையாலேயே டமாஸ்கஸ்ல ஜனநாயகம் கேட்டவங்களுக்காகவும் எழுதினார். 29 வருஷம் லெபனான்ல இருந்துட்டு அந்த ராணுவம் 2005 ஏப்ரல்ல போச்சு. எழுதி மட்டும் போகல, லெபனான் முன்னாள் பிரதமர் ஹரீரி கொலைக்கப்புறம் ஜனம் தெருவுக்கு வந்துச்சு. ஆனா எழுதினதை வாசிச்ச ஜனம்தானே அது.

அவரைக் கொன்னதுக்கு இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்ல.

எந்த புக்னு கேட்டிருந்தீங்க இல்ல? கஸீரே எழுதின பெய்ரூட் நகரத்தோட வரலாறு. தடி புக்கு, மெதுவா படிங்க. முடிச்சிட்டு எழுதுங்க, திட்டமாட்டேன்.