நாய்க்கு எதற்குத் தனிக் காசு?

சேதுக்கரைக்குக் கிழக்கே, தென்கடல் ஓரத் தென்னந்தோப்பில் பதினோரு வருடமாகக் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைத்துவரும் அக்கா, இந்த இதழிலும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் அக்கா. போன மாதம் நானும் மனைவியும் மகளும் எங்கள் நாய் மணியோடு காரில் வந்து, ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கூடார முகாமில் தங்கினோம். போனில் கேட்டபோது, "நாயைக் கூட்டிட்டு வாங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார்கள். வந்து சாமான்களை இறக்கிய பிறகு, நாய்க்கு ஓர் இரவுக்கு 500 ரூபாய் தனி என்றார்கள். கூடாரத்துக்கே 1,800 ரூபாய்தான். மகள் அழத் தொடங்கிவிட்டாள், வேறு வழியில்லாமல் இரண்டு இரவுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். அந்தக் காசுக்கு அவனுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்கூட யாரும் வைக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் எட்டுப் பேர் விடிய விடியப் பாட்டுப் போட்டு ஆடினார்கள். காலையில் மண் தெரியாத அளவுக்குத் தட்டும் பாட்டிலும் கிடந்தன. அவர்களிடம் கூடுதலாக ஒரு பைசா வாங்கவில்லை. குரைக்காமல் படுத்திருந்த பிராணிக்கு மட்டும் கட்டணமா? முகாம்களில் இப்படி வாங்குவது சரியா?
(மதுரை வாசகர்)

பதில்: தம்பி, உங்களிடம் அப்படி வாங்கியது தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாய்க்குக் காசு வாங்குவதே தப்பா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் வாங்கியிருக்கிறேன். இப்போதும் ஒரு தொகை வாங்குகிறேன். அது எதற்கு என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு குடும்பம் காலி செய்து போனதும் கூடாரத்தைக் கூட்டி, கோரைப்பாயை உதறி, போர்வையைத் துவைக்கப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அடுத்தவர்களுக்குத் தயார். நாய் உள்ளே படுத்திருந்தால் அப்படி முடியாது. ஜமுக்காளத்தில் முடி பின்னிக்கொள்ளும், ஒரு துவையலில் போகாது. அதைவிடப் பெரிய கவலை உண்ணி. தையல் மடிப்பில் ஓர் உண்ணி புகுந்துவிட்டால் எங்கள் கண்ணுக்குப் படாது. அடுத்த வாரம் வரும் குழந்தையின் காதோரத்தில்தான் அதைப் பார்ப்போம். அதனால் நாய் தங்கிய கூடாரத்தை அன்றைக்கே யாருக்கும் கொடுப்பதில்லை. கழற்றி, உள்பக்கத்தை வெளியே புரட்டி, ஒரு பகல் முழுக்க உச்சி வெயிலில் போடுகிறோம். ஊரிலிருந்து வேலைக்கு வரும் அம்மாவுக்கு அதில் அரை நாள் போகிறது.

அப்புறம் தண்ணீர். நம் மாவட்டத்தில் தண்ணீர்ப் பாடு என்னவென்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோப்புக் கிணற்றில் மழைக்குப் பிறகு சில மாதம் நல்ல தண்ணீர் கிடக்கும். சித்திரை பிறந்தால் உப்பேறிவிடும், குடிக்கவும் சமைக்கவும் காசு கொடுத்துக் குடத்தில்தான் வாங்குகிறோம். கடலில் குளித்த நாயை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு காய்ந்து தோல் அரிக்கும், சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். ஒரு நாய்க்கு நான்கு குடமாவது வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு நாய் வந்து போவதில் எனக்கு 300 ரூபாய் கைக்காசு போகிறது. அது ஓர் இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் அதே 300தான். துவையலும் வெயிலில் போடுவதும் ஒரே தடவைதானே! இரவுக்கு இத்தனை என்று பெருக்கி வாங்குவதற்கு என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் நானும் அப்படித்தான் செய்தேன், இரவுக்கு 300 என்று. ஒரே வருடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு முன்பெல்லாம் நாய் கொண்டுவருகிறவர்கள் கூச்சப்பட்டு, அது கழித்ததை அவர்களே மண்ணோடு அள்ளி ஓரமாகக் குழி தோண்டிப் புதைப்பார்கள். காசு வாங்கத் தொடங்கியதும் அது நின்றுபோனது. ஒரு பெரியவரிடம் மெதுவாகச் சொன்னேன். "அதுக்குத்தானேம்மா முந்நூறு குடுத்திருக்கோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் எதற்கு வாங்குகிறேன் என்று சொல்லவே இல்லை, அவராக ஒரு காரணம் வைத்துக்கொண்டார். மறுநாள் தேங்காய் பறிக்க வந்தவர் வெறுங்காலோடு மிதித்துவிட்டு, தளைக்கயிறு போடும் முன் கடலுக்கு நடந்து போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். அது எனக்கு மிகவும் உறுத்திவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. கட்டணத்துக்குப் பயந்து நாயை மறைத்துக் கொண்டுவந்தார்கள். பையில் குட்டியை வைத்து ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டு வந்த பெண்ணை நானே பார்த்தேன். மறைத்துக் கொண்டுவந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? எனக்கு 300 ரூபாயைவிட அந்த ஊசி அட்டை முக்கியம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் தோப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக இரவில் வண்டி கிடைப்பதே பாடு.

இப்போது இப்படிச் செய்கிறோம். நாய் கூடாரத்துக்குள் படுத்தால், எத்தனை நாள் இருந்தாலும் ஒரே தடவையாக 300. வெளியே கீற்றுக் கொட்டகையில் கட்டிக்கொண்டால் ஒன்றும் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணமும் பழைய சாக்கும் நாங்களே தருகிறோம். நாயோடு வருகிறவர்களிடம் 1,000 ரூபாய் முன்பணம் வாங்கி, கிளம்பும்போது தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன். இது வந்த பிறகு புதைக்கும் வழக்கமும் திரும்பிவிட்டது. நான்கு வருடத்தில் இரண்டு தடவைதான் அந்தப் பணத்தில் பிடித்தம் செய்தேன். ஒன்று, கூடாரத்தின் கொசுவலைக் கதவைக் கிழித்த நாய். மற்றது பக்கத்து வீட்டு வெடைக்கோழியைக் கவ்வியது. கோழிக்கு உரிய காசை அந்த வீட்டுக்காரியிடம் நாய்க்காரர்கள் கையாலேயே கொடுக்கவைத்தேன். எல்லாவற்றையும் போனில் பேசும்போதே சொல்லிவிடுகிறேன், வாசலில் பலகையிலும் எழுதியிருக்கிறது. உங்களுக்கு நடந்ததில் என்னை மிகவும் வருத்தியது 500 ரூபாய்கூட இல்லை. குழந்தை வந்து இறங்கிய பிறகு அதைச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான்.

ரயிலிலும் நாய்க்குக் காசு உண்டு. முதல் வகுப்பில் தனி அறை முழுதும் எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கென்றே உள்ள கூண்டில்தான் ஏற்ற வேண்டும். காசுக்குக் கூண்டும் தருகிறார்கள், ரசீதும் தருகிறார்கள். யாரும் அதை அநியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. வெளிநாட்டு முகாம்கள் பற்றியும் விசாரித்தேன். ஐரோப்பாவில் பல இடங்களில் ஆள், வண்டி, மின்சாரம் என்று போடும் விலைப்பட்டியலில் நாய்க்கும் ஒரு தொகை உண்டு. அமெரிக்காவிலும் பல தனியார் முகாம்கள் வாங்குகின்றன. ஆனால் அங்கே பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்க்கு எந்தத் தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று சட்டம். அந்த நாய் எதையாவது உடைத்தால், மற்ற விருந்தாளிகளிடம் வாங்குவதுபோல உடைத்ததற்கு மட்டும் வாங்கலாம். இதைப் படித்தபோது எனக்குப் பிடித்துவிட்டது. நாய் வந்ததற்குக் காசு இல்லை, அது கெடுத்ததற்குத்தான் காசு.

அதன்படி பார்த்தால், அந்த எட்டுப் பேர் விஷயத்தில் நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் என் கணவரும் பேசி, இந்த மாதத்திலிருந்து முன்பணத்தை எல்லோருக்கும் என்று ஆக்கிவிட்டோம். நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1,000 ரூபாய், குப்பை இல்லாமல் போனால் முழுதும் திரும்ப வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காசு கொடுத்தாலும் விட மாட்டேன். நம் பக்கம் பங்குனி ஆமை என்று ஒன்று உண்டு. தை, மாசி, பங்குனியில் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து நூறு முட்டைக்கு மேலும் இட்டுவிட்டுப் போகும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். வனத்துறை ஆட்கள் விடியும் முன் கரையில் நடந்து தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்களுக்கு முன் நாய் போய்விட்டால் முடிந்தது. ஒரு வருடம் ஒரே இரவில் ஒரு குழி முழுக்கத் தோண்டிக் கிடந்ததைப் பார்த்தேன். ஓடு பிளந்து மஞ்சள் வழிந்து, நண்டு மொய்த்துக் கிடந்தது. தெருநாயா, எங்கள் விருந்தாளியின் நாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மூன்று மாதமும் பொழுது சாய்ந்தால் எந்த நாயும் கரைக்கு இறங்கக் கூடாது. "ஐந்நூறு கூடத் தர்றேன், கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று கேட்டவர்கள் உண்டு. மாட்டேன் என்றுதான் சொன்னேன். தீவுக்குப் படகில் நாயைக் கூட்டிப் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எதிரே இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நீங்களும் இறங்க முடியாது, மணியும் இறங்க முடியாது.

மணிக்காக இரண்டு வார்த்தை. கரைவலை இழுத்த இடத்தில் வேண்டாம் என்று எறிந்த பேத்தை மீன் கிடக்கும். அது நஞ்சு, வாய் வைக்கவிடாதீர்கள். காய்ந்ததும் நஞ்சுதான். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் ஆகும், அதனால் கையில் நல்ல தண்ணீர் இருக்கட்டும். கரைக்கு வரும் வழியெல்லாம் சீமைக்கருவேல முள். நடந்து வந்ததும் நான்கு பாதத்தையும் விரல் இடுக்கோடு பாருங்கள்.

கேள்வி: அக்கா, சாயல்குடிப் பக்கம் தாத்தாவின் பனந்தோப்பில் நானும் அண்ணனும் ஆறு கூடாரம் போட இருக்கிறோம். நாய்க்கு எவ்வளவு வைக்கலாம்? பூனை, கிளி கொண்டுவந்தால்?
(சாயல்குடி வாசகி)

பதில்: தொகையை முதலிலேயே முடிவு செய்யாதே அம்மா. முதல் பத்து நாய் வந்து போகட்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை குடம் தண்ணீர், எத்தனை மணி நேர வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வை. பனந்தோப்பில் மணல் அதிகம், உனக்குத் துவையல் செலவு என்னைவிடக் கூடலாம். அந்த நோட்டில் வரும் தொகையைத் தாண்டி ஒரு ரூபாய் வைக்காதே. யாராவது கேட்டால் நோட்டைக் காட்டு. பூனைக்கும் கிளிக்கும் நான் வாங்குவதில்லை, ஆனால் பூனையைக் கூடாரத்தில் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். புது இடத்தில் மிரண்டு வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு குடும்பம் இரண்டு நாள் தேடி, கிடைக்காமலே ஊருக்குப் போனது. அந்த அம்மா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேள்வி: அன்புள்ள அக்கா, குழந்தைகளோடு உங்கள் பக்கம் வந்து தங்க ஆசை. ஆனால் பக்கத்துக் கூடாரத்து நாய் வந்து பாத்திரத்தை நக்கினால் எங்கள் மார்க்கப்படி நாங்கள் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். தொழுகிற பாயில் ஏறிவிட்டாலும் மனம் ஒப்பாது. நாய்க்குக் காசு வாங்குகிறீர்கள், சரி. நாய் கொண்டுவராத எங்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது?
(கீழக்கரை வாசகி)

பதில்: தங்கச்சி, பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி. எவ்வளவு காசு வாங்கினாலும் நாய்க்கும் உன் பாய்க்கும் நடுவில் தூரம் அதிகமாகாது. இடத்தைப் பிரித்தால்தான் கூடும்.

எங்களிடம் பத்துக் கூடாரம். கிழக்குக் கோடியில் உள்ள நான்கும் நாய் வைத்திருப்பவர்களுக்கு. மேற்கே ஆறு, அந்தப் பக்கம் நாய் வரவே கூடாது. நடுவில் ஓலை வேலி. சமையல் கொட்டகையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் மேற்கில்தான் இருக்கின்றன. கிழக்கே கட்டிய நாய்க்கும் ஆறடிக் கயிறுதான். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாய்க் கயிறு ஆறடிக்கு மேல் கூடாது என்று விதி இருப்பதைப் படித்துவிட்டு, அதே அளவில் பத்துக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். கயிறு இல்லாமல் வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன்.

ஆனால் வேலியில் ஒரு குறை இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. கடல் பக்கம் வேலி இல்லை. ஊர் நாய்கள் மீன் தலைக்காக அந்த வழியாக வந்துவிடும், அவற்றுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. அதனால் மேற்குக் கடைசிக் கூடாரத்துக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில் ஒரு மரத்திண்ணை போட்டிருக்கிறோம். மூன்று பேர் சேர்ந்து தொழலாம், நாய் ஏறாது. வருவதற்கு இரண்டு நாள் முன் ஒரு வார்த்தை சொல். அந்தக் கடைசிக் கூடாரத்தை உனக்கென்று வைத்து, புதுப் பாயும் மூடி போட்ட தண்ணீர்ப் பானையும் எடுத்து வைக்கிறேன்.